மழலைக்கு ஓர் அளவுகோல்

கல்கத்தாவின் தென்பகுதியில், ராஷ் பிஹாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட்டை அறியாத தமிழர் வங்கத்தில் அரியர். 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு நிறுவனம் இப்பகுதியில் பெரிய ஏரி ஒன்றை வெட்டியது. அதைச் சுற்றிப் புதிய தெருக்கள் எழுந்தன. 1958-இல் அந்த ஏரிக்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் சூட்டினர். அத்தெருக்களில் வாடகைக்குக் குடியேறியவர்களுள், கணக்கர் வேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் பல. பழைய சந்தை இருந்த இடத்தில் இன்று பல மாடி வணிக மாளிகை நிற்கிறது. எனினும் வாழையிலைக் கட்டும், முருங்கைக்காயும், கறிவேப்பிலையும், தொடுத்த பூவும், புதிதாய் அரைத்த காப்பித் தூளின் மணமும் அந்தத் தெருவோரத்தை விட்டுப் போய்விடவில்லை.

இந்தத் தெருவில் தாயின் இடுப்பில் அமர்ந்து செல்லும் ஒன்றரை வயதுக் குழந்தையின் காதில், பத்துக் கடைகளைக் கடப்பதற்குள் நான்கு மொழிகள் விழுகின்றன. தாய் தமிழில் பேசுகிறாள். காய்கறிக்காரர் வங்காளியில் விலை சொல்கிறார். வண்டிக்காரர் இந்தியில் வழி கேட்கிறார். மாடி வீட்டுப் பெண் ஆங்கிலத்தில் கொஞ்சுகிறாள். அந்தக் குழந்தை இரண்டு வயது நிறைந்தும் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் உடனே சொல்லும் காரணம் ஒன்று உண்டு: “இத்தனை பாஷை காதில் விழுந்தால் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்?” ஊரிலிருந்து தொலைபேசியில் பாட்டியார் வேறொரு காரணம் கூறுவார்: “ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும். அவன் அப்பனே மூணு வயசுக்கு மேலதான் வாயைத் திறந்தான்.” குழந்தையைப் பார்க்கும் மருத்துவரும் சில சமயம், “இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இந்த விடைகள் வெறும் வாய்ப்பேச்சு அல்ல. இவற்றின் பின்னால் நூறாண்டு வரலாறு நிற்கிறது. பிறமொழி நாட்டில் குடியேறியவர்களின் குழந்தைகளை யார் அளந்தார்கள், எந்த மொழியில் அளந்தார்கள், எத்தகைய கோலைக் கொண்டு அளந்தார்கள் என்பதே அந்த வரலாறு. சொந்த மாநிலத்தை விட்டு வெளியே வாழும் நமக்கு அது அயலார் கதை அன்று.

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பார்ப்பது மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று நாம் எண்ணுவதற்கில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் நம் சிற்றிலக்கிய வகையில், காப்பு முதல் சிறுதேர் ஈறாகப் பத்துப் பருவங்கள் உள்ளன. பாட்டியல் நூலோர் அவற்றுக்கு மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களை வகுத்தனர். ஐந்தாம் மாதத்தில் குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வருவது வாரானை. பதினைந்தாம் மாதத்தில் நிலவைக் காட்டி விளையாட வருமாறு அழைப்பது அம்புலி. இவை கடவுளரையும் அரசரையும் குழந்தையாகப் பாவித்துப் பாடுவதற்காக வகுத்த இலக்கிய மரபுகள். மருத்துவ அட்டவணை என்று இவற்றைக் கொண்டாடுவது புலவருக்கும் நியாயமன்று, மருத்துவருக்கும் நியாயமன்று. ஆயினும் கை கொட்டுவது ஒன்பதாம் மாதத்தை ஒட்டியும், நடப்பது ஓராண்டு நிறைவை ஒட்டியும் நிகழ்வதை வீட்டிலிருந்த பெண்கள் கவனித்திராவிட்டால், புலவர்களுக்கு அந்த வரிசை கிடைத்திராது.

அம்புலிப் பருவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தாய் விரலை நீட்டுகிறாள். குழந்தை அந்த விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் நிலவைப் பார்க்கிறது. பின் தன் விரலையும் நீட்டித் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. நிலவைக் காண்பதோடு நில்லாமல், ‘நீயும் பார்’ என்று இன்னொருவரோடு அதைப் பகிர்ந்துகொள்வது இது. ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாட்டைப் பேச்சு வருமுன்னரே ஐயுறுவதற்கு இன்றைய மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளுள் முதன்மையானவை இவை: நீங்கள் சுட்டிக்காட்டும் பொருளைக் குழந்தை பார்க்கிறதா? தனக்கு வியப்பூட்டும் பொருளை உங்களுக்குச் சுட்டிக்காட்டுகிறதா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? 2001-இல் அமெரிக்காவில் வெளியான எம்-சாட் என்னும் 23 கேள்விகள் கொண்ட பெற்றோர் வினாத்தாளிலும் இவை இடம்பெற்றன. நிலாச்சோறு ஊட்டிய பாட்டியார் இக்கேள்விகளுக்குத் தயக்கமின்றி விடை சொல்லக்கூடியவர். ஆனால் லேக் மார்க்கெட்டின் மூன்றாம் மாடி வீட்டில் அவர் இல்லை; கும்பகோணத்தில் இருக்கிறார்.

அறிவியல் முறையில் குழந்தையை அளக்கும் முயற்சி பாரிஸ் நகரில் ஒரு நல்ல நோக்கத்தோடு தோன்றியது. பள்ளிப் படிப்பில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய வழி வேண்டுமென்று 1904-இல் பிரெஞ்சு அரசு விரும்பியது. ஆல்பிரட் பினே, தியோடோர் சிமோன் ஆகிய இருவரும் 1905-இல் தம் சோதனையை வெளியிட்டனர். உதவி செய்வதற்காகவே ஆளைத் தேடினார்கள், ஒதுக்குவதற்காக அன்று. அந்தச் சோதனையை ஹென்றி காடார்ட் என்பவர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய மூன்றாம் வகுப்புப் பயணிகளைத் தம் உதவியாளர்களைக் கொண்டு சோதித்தார். ரஷ்யர், இத்தாலியர், ஹங்கேரியர், யூதர் ஆகியோருள் சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் மந்த புத்தியினர் என்று 1917-இல் அவர் கணக்கு வெளியாயிற்று. பல நாள் கடற்பயணத்தின் களைப்பு, அறியாத மொழி, சீருடை அணிந்த அதிகாரி, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

அதே தீவில் பணிபுரிந்த ஹோவர்ட் நாக்ஸ் என்ற மருத்துவர் இந்த அநியாயத்தைக் கண்டுகொண்டார். பேச்சு வேண்டாத சோதனைகளை அவர் அமைத்தார். மரத்துண்டுகளைப் பொருத்துதல் ஒன்று. மேசைமீது நான்கு சிறு மரக் கட்டைகளை வைத்து, ஒரு வரிசையில் தட்டிக் காட்டி, அதேபோலத் தட்டச் சொல்லுதல் மற்றொன்று. அந்தக் கட்டைச் சோதனையின் வழித்தோன்றல்கள் மனநூலார் அறைகளில் வெகுகாலம் வழங்கின. அளக்கும் கோல் அளக்கப்படுகிறவனின் மொழியை அறிந்திருக்க வேண்டும், இல்லையேல் மொழியே வேண்டாத கோலாக இருக்க வேண்டும் என்ற நீதி, குடியேறியவர்கள் இறங்கிய துறையிலேயே பிறந்தது.

ஆனால் அந்த நீதி எளிதில் பரவவில்லை. 1923-இல் வேல்ஸ் நாட்டில் சேயர் என்பவர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆராய்ந்து, வெல்ஷும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருப்பதாக எழுதினார். 1939-இல் மடோரா ஸ்மித் என்ற அம்மையார் ஹவாய்த் தீவுகளில் பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகள் ஆயிரம் பேரின் பேச்சை ஆராய்ந்தார். அவர்கள் ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தோர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பேச்சு வயதுக்குப் பல ஆண்டு பின்தங்கியது என்பது அம்மையார் கண்ட முடிவு. அளந்ததோ ஆங்கிலத் தேர்ச்சி. கரும்புத் தோட்டத்தில் உழைத்தவன் மகன் வீட்டில் தன் பாட்டியிடம் எத்தனை சொல் பேசினான் என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை. ‘இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும்’ என்று இன்றும் நம் வீடுகளில் வழங்கும் அச்சம், நம் முன்னோர் தந்ததன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. தஞ்சையில் தமிழும் மராட்டியும், மதுரையில் தமிழும் சௌராஷ்டிரமும், கோவையில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசி வளர்ந்த பிள்ளைகள் எத்தனை தலைமுறை! அங்கெல்லாம் இந்த அச்சத்துக்கு இடமேது?

1962-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகியோர் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தனர். குடும்ப வசதியில் ஒத்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்களே பல சோதனைகளில் மேலாக நின்றனர். இம்முடிவையும் அளவுக்கு மீறிப் போற்ற வேண்டியதில்லை. இரு மொழியிலும் சமமாகத் தேர்ந்த பிள்ளைகளையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ச்சி பெற்றவன் தேர்வில் வெல்வதில் வியப்பில்லை. நமக்கு இதைவிடப் பயனுள்ளது 1993-இல் மயாமி நகரில் பார்பரா பியர்சனும் அவர் துணைவர்களும் செய்த ஆராய்ச்சி. ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் சிறு குழந்தைகளின் சொற்களை அவர்கள் எண்ணினர். ஒரு மொழிச் சொற்களை மட்டும் எண்ணினால் குழந்தை பின்தங்கியதாகத் தோன்றும். இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிக் குழந்தைக்கு அது குறைந்ததாகவே இல்லை. பல மொழி கேட்பதனால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை என்பதே இன்று இத்துறையினர் கொண்டுள்ள முடிவு.

இதன் மறுபக்கத்தையும் உடனே சொல்லிவிட வேண்டும். பல மொழி காரணமன்று என்றால், பேசாத குழந்தைக்கு வேறு காரணம் தேடியே ஆக வேண்டும். காது கேளாமை இருக்கலாம்; ஆட்டிசம் இருக்கலாம்; அறிவு வளர்ச்சியில் தாமதம் இருக்கலாம்; பேச்சு மட்டும் மெல்ல வருவதாகவும் இருக்கலாம். குடியேறியவர் குழந்தைக்கு இரண்டு வகையில் ஆபத்து. குறையில்லாத குழந்தையை அயலார் கோல் குறையுள்ளதென்று காட்டிவிடலாம். குறையுள்ள குழந்தையைப் பெற்றோர் மொழியின்மேல் பழி போட்டு விட்டுவிடலாம். முதல் ஆபத்து எல்லிஸ் தீவினுடையது. நம் வீடுகளில் அதிகம் நேர்வது இரண்டாவதே.

நம் நாட்டில் இந்த அறிவுத்துறை வேரூன்றிய ஊர் கல்கத்தாதான். 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறை தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதலாவது. என். என். சென்குப்தா அதன் தலைமையை ஏற்றார். 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை இந்நகரில் நிறுவினார். அச்சங்கத்தின் முயற்சியால் 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்தது. குழந்தை மருத்துவத்துக்கென்று நாட்டில் தனி ஏடு வேண்டுமென்று எண்ணிய டாக்டர் கே. சி. சௌதுரி 1933-இல் ‘இந்தியன் ஜர்னல் ஆப் பீடியாட்ரிக்ஸ்’ இதழைக் கல்கத்தாவில் தொடங்கினார். அவரே 1956-இல் குழந்தை நல நிலையம் நிறுவப்படக் காரணமானவர். லேக் மார்க்கெட்டிலிருந்து பார்க் சர்க்கஸில் உள்ள அந்நிலையம் அதிகத் தொலைவு அன்று.

ஆயினும் அந்நாளில் நாடெங்கும் குழந்தைகளைப் பார்த்த மருத்துவர்களின் கண் பெரும்பாலும் எடைத் தராசின்மேல்தான் இருந்தது. அதில் தவறு காண முடியாது. வயிற்றுப்போக்கும் அம்மையும் ஊட்டக்குறையும் உயிரைக் கொண்டுபோன காலத்தில், குழந்தை விரலை நீட்டி நிலவைக் காட்டுகிறதா என்று கேட்க யாருக்கு நேரம்? உயிர் பிழைப்பது முதல் கவலை. பிழைத்த குழந்தை எப்படி வளர்கிறது என்பது அடுத்த கவலை. தடுப்பூசியும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் முதற் கவலையைக் குறைத்த பின்னரே இரண்டாவது கவலைக்கு இடம் கிடைத்தது.

எடை பார்ப்பதிலிருந்தும் ஒரு பாடம் கிடைத்தது. டேவிட் மார்லி என்ற ஆங்கில மருத்துவர் 1950-களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் சிற்றூர் ஒன்றில், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வளர்ச்சி அட்டையைத் தந்து, அதைத் தாயிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். மருத்துவமனை அலமாரியில் கிடக்கும் குறிப்பு, குடும்பம் இடம் மாறினால் பயனற்றுப் போகும். தாயின் கையிலுள்ள அட்டை அவளோடு செல்லும். ஊர் விட்டு ஊர் மாறும் குடும்பங்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு ஏது? தமிழ்நாட்டில் 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டம் தொடங்கியது. உலக வங்கி அதற்குக் கடன் தந்தது. ஊர்ப் பெண் ஒருவரே ஊட்டப் பணியாளராக அமர்ந்து, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு கிடைத்தது. எடை ஏறியதும் அது நின்றது. பார்த்தல், கண்டறிதல், உடனே உதவுதல் என்ற மூன்றும் ஒரே பணியாளரின் கையில், ஒரே திண்ணையில் நடந்தன. இப்படிப் பலரைப் பார்த்துச் சிலரைத் தேர்ந்தெடுப்பதைச் சல்லடைச் சோதனை எனலாம். சல்லடை நோயைத் தீர்மானிப்பதில்லை. இன்னும் ஊன்றிப் பார்க்க வேண்டியவர் யார் என்று மட்டும் பிரித்துத் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968-இல் வில்சன், யுங்னர் ஆகிய இருவரும் எழுதிய அறிக்கை இதற்குப் பத்து நெறிகளைக் கூறிற்று. கண்டறிந்த பின் செய்வதற்கு மருத்துவமும் அதற்கான இடமும் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் அடங்கும். கொட்டாம்பட்டியில் அந்த நெறி எளிய உருவில் நடைமுறைக்கு வந்தது.

மனத்தையும் பேச்சையும் அளக்கும் சல்லடை இதற்குள் வெளிநாட்டில் உருவாகியிருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் பல்லாண்டு குழந்தைகளைப் படம் பிடித்து, எந்த வயதில் எந்தச் செயல் வருகிறது என்று வரிசைப்படுத்தியிருந்தார். 1967-இல் டென்வர் நகரத்தில் பிராங்கன்பர்க், டாட்ஸ் ஆகியோர் அந்நகரக் குழந்தைகள் 1,036 பேரைப் பார்த்து, 105 செயல்கள் கொண்ட சோதனையை வகுத்தனர். சாதாரண மருத்துவரும் செவிலியும் தம் அறையிலேயே பயன்படுத்தும்படி அது அமைந்ததால் உலகெங்கும் பரவியது. ஆனால் டென்வர்க் குழந்தை கரண்டியால் உண்ணும். நம் குழந்தை கையால் உண்ணும். அங்கு மேற்சட்டையை மாட்டத் தெரிவது ஒரு வளர்ச்சிப் படி. வெயில் நாட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு அரைஞாண் கயிறே ஆடை.

இந்தியாவுக்கு இந்தியக் கோல் வேண்டும் என்ற பணியைப் பரோடாவில் பிரமிளா பாடக் அம்மையார் மேற்கொண்டார். பெய்லி என்பவரின் அமெரிக்க அளவைகளைப் பரோடாக் குழந்தைகளைக் கொண்டு சோதித்து, அவர்களுக்குரிய வயதெல்லைகளை 1970-இல் வெளியிட்டார். பின்னர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். கே. சி. நாயரும் அவர் குழுவினரும் அந்தப் பரோடா அளவுகளிலிருந்து 17 செயல்களை மட்டும் பொறுக்கி, 1991-இல் ஒரே தாளில் அடங்கும் அட்டவணை ஒன்றைத் தந்தார்கள். முகம் பார்த்துச் சிரித்தல், கழுத்து நிற்றல், குப்புறப் புரளுதல், ஒலி வந்த பக்கம் திரும்புதல், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுதல், கை கொட்டுதல், தனியே நடத்தல், இரண்டு சொல் பேசுதல், பொம்மையின் உறுப்புகளைக் காட்டுதல் என்று அது செல்கிறது. குழந்தையின் வயதுக்கு நேரே தாளின்மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட செயல்களுள் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால், மேற்கொண்டு பார்க்க அனுப்ப வேண்டும். தனிக் கருவிப் பெட்டி எதுவும் வேண்டாம். ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் போதும். ஐந்து அல்லது ஏழு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதன் குறையையும் அவர்கள் மறைக்கவில்லை. தாமதமுள்ள மூன்று குழந்தைகளுள் ஏறக்குறைய இருவரையே அது பிடித்துத் தரும், ஒருவர் தப்பிவிடுவார். ஆகையால் ஒரு முறை தேறிவிட்டது என்று நிம்மதி கொள்ளாமல், அடுத்தடுத்த வயதிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதினேழில் பேச்சுக்கு இடம் மிகக் குறைவு என்பதால், பேச்சுக்கென்றே தனி அட்டவணை ஒன்றையும் பிற்காலத்தில் அதே நிலையத்தார் வகுத்தனர்.

முன்கூட்டி அறிவதனால் என்ன பயன் என்று கேட்போருக்குச் சென்னையிலுள்ள பால வித்யாலயா ஒரு விடை. செவி கேளாத சிறு குழந்தைகளுக்காக 1969-இல் தொடங்கிய பள்ளி அது. பள்ளி வயதுக்குக் காத்திராமல், கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயுடன் வரச் சொல்லி, காதுக் கருவி பொருத்திப் பேச்சுப் பழக்குகிறார்கள். அங்குப் பயின்றவர்களுள் பலர் ஐந்து வயதை ஒட்டி ஏனைய பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் சேர்ந்துவிடுகிறார்கள். மூன்று வயது வரை ‘மெதுவாகத்தான் பேசும்’ என்று காத்திருந்த குழந்தைக்கு அந்த மூன்று ஆண்டுகள் திரும்ப வருவதில்லை. கல்கத்தாவில் 1974-இல் டாக்டர் சுதா கௌல் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கிய சங்கம், இன்று இந்திய மூளை முடக்குவாத நிலையம் என்ற பெயரில் தாராதலாவில் இயங்குகிறது. அங்கும் தாய்மார் குழந்தையோடு அமர்ந்து பயிற்சி கற்கிறார்கள்.

அரசின் பங்கும் மெல்ல வளர்ந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளை நாடெங்கும் பரப்பிற்று. ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கூறியது. ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளாக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. இடையே 2013 பிப்ரவரியில் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் தொடங்கப்பட்டது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்பில் 30 நிலைகளை, பிறந்தது முதல் 18 வயது வரை பார்ப்பது அதன் திட்டம். மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும். ஐயத்துக்குரிய குழந்தையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எல்லா மாவட்டத்திலும் பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் போதிய அளவில் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. கண்டறிந்துவிட்டு வரிசையில் நிற்க வைப்பது பெற்றோருக்குப் புதிய துன்பமே.

லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பம் இதில் எங்கே நிற்கிறது? அந்தக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டுக் குழந்தையோ அங்கன்வாடிக்குப் போவதில்லை. மூன்று வயதில் தனியார் மழலையர் பள்ளிக்குப் போகிறது. அதுவரை அதை முறையாகப் பார்க்கும் மருத்துவக் கண், தடுப்பூசி போடும் மருத்துவருடைய கண் ஒன்றே. ஒன்பது மாதத்தில் தட்டம்மை ஊசி. பதினாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையே மறு ஊசிகள். வளர்ச்சியைப் பார்க்கவும் இவையே ஏற்ற வயதுகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2006-இல் ஒன்பது, பதினெட்டு, முப்பது மாதங்களில் எல்லாக் குழந்தைக்கும் சோதனை வேண்டுமென்று கூறியது. ஆட்டிசத்துக்குப் பதினெட்டிலும் இருபத்து நான்கிலும். நம் மருத்துவர் அறையில் நாற்பது பேர் காத்திருக்கும்போது ஊசி போட்டு அனுப்புவதே பெரிது. அவராகக் கேட்கவில்லை என்றால் பெற்றோர்தாம் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும்போது மொழிச் சிக்கல் மீண்டும் குறுக்கிடுகிறது. மருத்துவர் வங்காளியில், “கொதா போலே?” என்பார், மாயவரத்திலிருந்து சென்ற ஆண்டு வந்த தாய், புரிந்தும் புரியாமலும் தலையசைப்பாள். குழந்தை பேசுகிறது என்று எழுதப்பட்டுவிடும். அந்த ஒரு தலையசைப்பில் ஓர் ஆண்டு போய்விடும். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி, முதல் நாளே வீட்டில் அமர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது. பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலிகளும், கைகாட்டுதல் போன்ற சைகைகளும் உண்டா? பதினாறு மாதத்தில் தனிச் சொல் உண்டா? இரண்டு வயதில் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் தானாகவே இரு சொல் சேர்த்துப் பேசுகிறதா? இவற்றுள் எதற்கேனும் ‘இல்லை’ என்றாலும், எந்த வயதிலானாலும் வந்த பேச்சு மறைந்துவிட்டாலும், பொறுத்துப் பார்க்கும் யோசனையை ஏற்க வேண்டியதில்லை. முதலில் செவிச் சோதனை, பிறகு மற்றவை. வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள் என்று எவரேனும் சொன்னால் அதையும் ஏற்க வேண்டியதில்லை. தாய்க்கு நன்றாக வராத மொழியில் தாய் கொஞ்சினால், குழந்தைக்குக் கிடைப்பது குறைந்த பேச்சே.

சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொல்லையும் எழுத வேண்டும். ‘பால்’ என்பதும் ‘தூத்’ என்பதும் இரண்டு சொல்; ‘தண்ணி’ என்பதும் ‘ஜொல்’ என்பதும் அவ்வாறே. வேலைக்கு வரும் அம்மாளை ‘மாஷி’ என்று அழைத்தால் அதுவும் கணக்கில் சேரும். ஒரே ஒலி இரு மொழியிலும் நிற்கும் இடங்களில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். ‘மாமா’ இரு மொழியிலும் தாயின் உடன்பிறந்தவரே, தொல்லையில்லை. ‘பாப்பா’ என்று குழந்தை சொன்னால் அது தமிழில் கைக்குழந்தையா, வங்காளியில் தந்தையா? ‘தாத்தா’ என்ற ஒலி, தொலைபேசித் திரையில் கும்பகோணத்துப் பாட்டனாரைக் கண்டு எழுந்ததா, மாடிப்படியில் இறங்கி வரும் அண்டை வீட்டு அண்ணனைக் கண்டு எழுந்ததா? எதைப் பார்த்து, எதை நோக்கி விரலை நீட்டிச் சொல்கிறது என்பதையும் சொல்லுக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டு போனால், தமிழறியாத மருத்துவருக்கும் அந்தத் தாள் விளங்கும்.